தோட்டத்துப் பேச்சுல இருந்து சொல் பட்டியல் எடுக்கும்போது என்னென்ன கோளாறு வரும், எங்க பார்க்கணும்

நான் கோத்தகிரி பக்கம். தேயிலைத் தோட்டத்துல வேலை பாக்கறவங்க பேசறத போன்ல பதிவு பண்ணி, அதை டைப் அடிச்சு, அதுல என்னென்ன சொல்லு புழங்குது, எது அகராதில இருக்கு எது இல்லைன்னு கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டுப் பாக்கறதுதான் நான் பண்றது. ஒப்பிடறதுக்கு வச்சிருக்கறது சென்னைப் பல்கலைக்கழகத்து தமிழ் லெக்சிகன். 1924ல இருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதி, அப்புறம் 1939ல ஒரு இணைப்பு, எல்லாம் சேத்து ஒரு லட்சத்துக்கு மேல சொல்லு. சிகாகோ பல்கலைக்கழகத்து தளத்துல இது தேடற மாதிரியே கெடைக்குது.

மொத தடவ ஒப்பிட்டப்போ "அகராதியில் இல்லாத சொற்கள்"னு பக்கம் பக்கமா வந்துச்சு. மலைத் தமிழ்ல இவ்வளவு புதையலான்னு பாத்தா, அதுல மலை இருக்கு, வீடு இருக்கு, கொழுந்து இருக்கு. அகராதில கொழுந்து இல்லாம இருக்குமா? அங்க இருந்து ஒவ்வொரு கோளாறா தேடிப் பிடிச்சதுதான் கீழ எழுதியிருக்கேன். உங்களுக்கு எது தெரியுதோ அதுக்கு நேரா போய்ப் படிங்க.

சொல்லு துண்டு துண்டா உடைஞ்சு வருது

பட்டியல் மேல "க", "த", "ர", "ல"ன்னு ஒத்தை ஒத்தை எழுத்தா நின்னா இதுதான். கோத்தகிரின்னு இருக்கற சொல்ல எடுத்துக்கங்க, பைத்தான்ங்கற ப்ரோக்ராம் மொழியோட கூடவே வர்ற ரீ (re) மாட்யூல்ல, சொல்லோட எழுத்துன்னு அர்த்தம் வர்ற டபிள்யூ (\w) குறி போட்டு சொல்லப் பிரிச்சா "க, த, தக, ர"ன்னு நாலு துண்டா வரும். மலையில்-ங்கறது "மல, ய, ல" ஆயிடும். காரணம் என்னன்னா கால், கொம்பு, சுழி, புள்ளி இதெல்லாம் யூனிகோடுல (எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கற பொது முறை) எழுத்துன்னு பதிவாகல, எழுத்து மேல ஒட்டற குறின்னு பதிவாகியிருக்கு, ரீ மாட்யூல் எழுத்தையும் எண்ணையும் மட்டும்தான் சொல்லோட பகுதின்னு எடுத்துக்கும், குறி வந்த உடனே சொல்லு முடிஞ்சுதுன்னு வெட்டிடும்.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ரீஜெக்ஸ் (regex)னு தனியா இன்ஸ்டால் பண்ற மாட்யூல் இருக்கு, அது குறியையும் சொல்லுக்குள்ளயே சேத்துக்கும், அதுக்கு மாறிட்டா முடிஞ்சுது. இல்லைனா இடைவெளியிலயும் நிறுத்தக்குறியிலயும் மட்டும் வெட்டுங்க, அதுவே போதும். சைக்கிட்-லேர்ன்ங்கற பைத்தான் நூலகம் வச்சு எண்றவங்களுக்கும் இதே கோளாறு வரும், அதோட டீஃபால்ட் வடிவத்துலயும் அதே டபிள்யூதான் இருக்கு. ஆன்ட்கான்க் சாஃப்ட்வேர் வச்சு தொடரடைவு (ஒரு சொல்லு வர்ற எடமெல்லாம் முன்பின் சொல்லோட காட்டற பட்டியல்) எடுக்கறவங்க, பழைய மூணாவது வெர்ஷன்ல டோக்கன் டெஃபினிஷன் செட்டிங்க்ஸ் போய் மார்க் வகையை டிக் பண்ணுங்க. இது தெரியாம "தமிழ்ல இந்த சாஃப்ட்வேர் வேலை செய்யாது"ன்னு விட்டுட்டுப் போனவங்களப் பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும், ஒரே ஒரு டிக்தான்.

எழுத்து எண்ணிக்கை தப்பா வருது

நீலகிரிக்கு எத்தனை எழுத்துன்னு கேட்டா கம்ப்யூட்டர் ஏழுங்கும், பைட் கணக்குல 21ங்கும், நம்ம கணக்குல நாலு. மூணுமே அதது அளவுல சரிதான். நமக்கு வேண்டியது நாலு. ஓபன்-தமிழ்னு பைத்தான் நூலகம் இருக்கு, அதுல எழுத்தாப் பிரிச்சுக் குடுக்கற ஃபங்ஷன் இருக்கு, அதை வச்சு எண்ணுங்க.

பாக்க ஒரே மாதிரி இருக்கற சொல்லு ரெண்டு வரியா வருது

இதுலதான் எனக்கு ரொம்ப நாள் போச்சு, அதனால நின்னு சொல்றேன்.

கொழுந்து. பட்டியல்ல ரெண்டு எடத்துல, ரெண்டு தனித்தனி எண்ணிக்கையோட. ஸ்க்ரீன்ல எவ்வளவு பெருசாக்கிப் பாத்தாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒவ்வொரு குறிக்கும் யூனிகோட் எண்ணை பிரிண்ட் பண்ணிப் பாத்தப்போதான் தெரிஞ்சுது, ஒண்ணுல "ொ" ஒரே குறியா இருக்கு, இன்னொண்ணுல கொம்பு தனி, கால் தனி, ரெண்டு குறியா இருக்கு. ரெண்டும் யூனிகோட் படி செல்லும், ரெண்டும் சமம்னுதான் விதி, ஆனா சும்மா ஒப்பிடற ப்ரோக்ராமுக்கு அது வேற இது வேற. ஒரு பாதி நான் அடிச்சது, இன்னொரு பாதி எங்கயோ பழைய ஃபைல்ல இருந்து கன்வெர்ட் ஆகி வந்தது.

இதுக்கு என்எஃப்சி (NFC)ன்னு ஒரு சீராக்கல் இருக்கு, பிரிஞ்சு இருக்கற குறிய ஒண்ணாச் சேத்துடும். பைத்தான்ல யூனிகோட்டேட்டா மாட்யூல்ல ஒரே வரி. எண்றதுக்கு முன்னாடி உங்க உரைக்கும் போடுங்க, அகராதி ஃபைலுக்கும் போடுங்க, ரெண்டுக்கும் போடணும், ஒண்ணுக்கு மட்டும் போட்டா இன்னும் மோசமாகும்.

ஆனா என்எஃப்சி எல்லாத்தையும் சரி பண்ணாது. பௌர்ணமி-ன்னு எழுத வேண்டிய எடத்துல நெறைய பேர் கொம்பு போட்டு ப போட்டு பக்கத்துல ள எழுத்தையே அடிச்சிடறாங்க, பெளர்ணமி-ன்னு. கண்ணுக்கு ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு அது "பெ", "ள". என்எஃப்சி இதைத் தொடாது, ஏன்னா அது விதிப்படி சரியான எழுத்துக்கோவை. சரி, எகர உயிர்மெய்க்கு அப்புறம் ள வந்தா ஔகாரமா மாத்திடலாம்னு நெனைப்பீங்க, வேண்டாம், வெளி, வெள்ளம், தெளிவு எல்லாம் நாசமாயிடும். ள-வுக்கு அப்புறம் எந்தக் குறியும் இல்லாம இருந்தா மட்டும் மாத்தலாம்னு அடுத்து தோணும், எழுத்துத் தமிழுக்கு அது ஓரளவு ஒத்து வரும், ஆனா நாம வச்சிருக்கறது பேச்சுத் தமிழ். "காலைல ஆறு மணிக்கே கெளம்பிட்டோம்", "வெளக்கு வச்ச பெறவுதான் வந்தோம்". கெளம்பி கௌம்பி ஆயிடும். அதனால எகரம் பக்கத்துல ள வர்ற சொல்லெல்லாம் தனியா ஒரு பட்டியல் எடுத்து கண்ணால பாத்து மாத்துங்க. சின்னப் பட்டியல்தான், ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஆயிடும்.

இதே குடும்பத்துல இன்னும் சிலது இருக்கு. ஸ்கேன் பண்ண புத்தகத்துல இருந்து வர்ற உரைல எ-ங்கற எடத்துல தமிழ் எண் ஏழு உக்காந்திருக்கும், அ-ங்கற எடத்துல எட்டு, உ-ங்கற எடத்துல ரெண்டு, க-ங்கற எடத்துல ஒண்ணு. சொல்லுக்குள்ள தமிழ் எண் வந்தா சந்தேகப்படுங்க. காலுக்கு பதிலா ர வர்றதும் ர-வுக்கு பதிலா கால் வர்றதும் உண்டு. வாட்ஸ்அப்ல இருந்து காப்பி பண்ணா கண்ணுக்கே தெரியாத பூஜ்ய அகலக் குறி ஒட்டிக்கிட்டு வரும், அதை மொத்தமா நீக்கிடலாம். ஸ்ரீ-யை ஸ வச்சும் அடிக்கலாம் ஶ வச்சும் அடிக்கலாம், ஏதாவது ஒண்ணுன்னு முடிவு பண்ணி மாத்துங்க.

எக்செல்ல தொறந்தா எல்லாம் கோடு போட்ட ஆங்கில எழுத்தா தெரியுது

ஃபைல் கெட்டுப் போகல, பயப்படாதீங்க, சேவ் மட்டும் பண்ணாதீங்க. நேரா டபுள் கிளிக் பண்ணித் தொறக்காம, டேட்டா மெனுல இருந்து டெக்ஸ்ட் ஃபைலா இம்போர்ட் பண்ணி யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்க.

அகர வரிசை தப்பா இருக்கு

பைத்தான்ல சாதா சார்ட் போட்டா யூனிகோட் எண் வரிசைலதான் அடுக்கும், அது நம்ம வரிசை இல்ல. ன-வை ந பக்கத்துலயே வச்சிருக்காங்க, ற-வை ர பக்கத்துல, ழ-வுக்கு முன்னாடி ள, புள்ளி எல்லாத்துக்கும் கடைசில. அதனால பனி, பயறு, பள்ளம், பழம்னு அடுக்கும். அகராதி வரிசைல பயறு, பழம், பள்ளம், பனி, ஏன்னா ன நமக்கு கடைசி மெய். அதே மாதிரி அகம் முன்னாடி வந்து அக்கா பின்னாடி போயிடும், அகராதில புள்ளி வச்ச க் மொதல்ல வரணும், அதனால அக்காதான் மொதல்ல.

ஐசியூ (ICU)ங்கற யூனிகோட் நூலகத்துல தமிழுக்குன்னு வரிசை விதி இருக்கு, அதை முயற்சி பண்ணுங்க, இல்லைனா நானே பண்ண மாதிரி 12 உயிர், ஆய்தம், அப்புறம் ஒவ்வொரு மெய்யும் அதோட உயிர்மெய்யும்னு மொத்தம் 247க்கும் வரிசை எண் குடுத்து, கிரந்த எழுத்தை கடைசில சேத்து, அந்த எண்ணை வச்சு அடுக்குங்க. எது பண்ணாலும் மேல சொன்ன ஆறு சொல்ல, அக்கா, அகம், பயறு, பழம், பள்ளம், பனி, குடுத்துப் பாருங்க. இதே வரிசைல திரும்பி வந்தா நம்பலாம்.

பழைய புத்தகத்தை ஸ்கேன் பண்ணா "மலை"யே காணோம்

நம்ம ஊரப் பத்தின பழைய புத்தகம், மலை வராம ஒரு பக்கம் இருக்காது, ஆனா எண்ணிப் பாத்தா கைவிரல் அளவுக்குக் கூட இல்ல. 1978ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டாங்க இல்லையா, அதுக்கு முன்னாடி அச்சடிச்ச பெரும்பாலான புத்தகத்துல லை, ளை, ணை, னை இந்த நாலுக்கும் எழுத்தோட யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு சேந்த எழுத்துதான். ணா, றா, னா-வுக்கும் தனி வடிவம். எழுத்துணரி (ஸ்கேன் படத்துல இருந்து எழுத்தைப் படிக்கற ஓசிஆர்) புது எழுத்து பாத்துப் பழகினது, தும்பிக்கையப் பாத்தா தடுமாறும். மலை, இலை, தேயிலை, சோலை, சாலை, காலை, வேலை... இந்த ஊர்ப் பேச்சுல லை-ல முடியற சொல்லு எவ்வளவுன்னு பாருங்க, அத்தனையும் அடிபடும்.

ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, அச்சுல லை எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் மெஷின் என்ன எழுதியிருக்குன்னு பேனாவால குறிச்சு வைங்க. ஒரே புத்தகத்துல அது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தப்புப் பண்ணும், அந்த மாதிரியைப் பிடிச்சிட்டா மொத்தப் புத்தகத்துக்கும் மாத்திடலாம். லெக்சிகனோட மூல அச்சும் பழைய எழுத்துதான், அதனால அதை நீங்களே ஸ்கேன் பண்ணாதீங்க, ஏற்கெனவே எழுத்தாக்கி வச்சிருக்கறத எடுத்துக்கங்க.

அகராதில கண்டிப்பா இருக்கற சொல்ல இல்லைங்குது

மேல உள்ளதெல்லாம் சரி பண்ணியும் வருதுன்னா, அகராதி எப்படி எழுதியிருக்காங்கன்னு பாக்கணும். லெக்சிகன்ல வினைச்சொல்லு "பறி"ன்னு சும்மா நிக்காது. பறி-க்கு மேல சின்னதா ஒரு எண், அப்புறம் கோடு, அப்புறம் தல் இல்ல த்தல்னு இருக்கும். அந்த எண் எதுக்குன்னா ஒரே வடிவத்துல வேற வேற சொல்லு இருக்கறத பிரிச்சுக் காட்டறதுக்கு. ஃபைல்ல இறக்கும்போது இதெல்லாம் சேந்து ஒட்டிக்கும். கோட்டுக்கு முன்னாடி இருக்கறத மட்டும் எடுத்து, எண்ணைக் கழிச்சு, தனி நெடுவரிசைல வச்சு அதோட ஒப்பிடுங்க.

அடுத்தது நம்ம பக்கத்துல. யாரும் "பறி"ன்னு மட்டும் பேசறதில்ல. பறிக்கறோம், பறிச்சு, பறிச்சதுக்கு, பறிக்கலைன்னா. மரம் மரத்துல ஆகுது, வீடு வீட்டுல ஆகுது, ஆறு ஆத்துல ஆகுது. சொல்லுக்குப் பின்னாடி ஒட்டற விகுதி, உருபை வெட்டற ப்ரோக்ராம் எழுதலாம், நானும் எழுதினேன், எழுத்துத் தமிழுக்கு ஓரளவு வரும், பேச்சுக்கு நெறைய எடத்துல தப்பா வெட்டுது. நான் இப்போ பண்றது வேற: நாலு நெடுவரிசை. பேசினபடியே சொல்லு, அகராதித் தலைச்சொல், வந்த வாக்கியம், யார் எந்த ஊர்ல சொன்னாங்க. ரெண்டாவதை ப்ரோக்ராம் யோசனை சொல்லும், நான் சரி பாப்பேன். மொத நெடுவரிசைய மட்டும் எப்பவும் மாத்த மாட்டேன், "எல"ன்னு சொன்னா எல-தான், அதை இலை-ன்னு திருத்திட்டா அப்புறம் எதைப் படிக்கறது.

எழுத்து உரைல இன்னொண்ணு வரும், "மலைக்குப்", "மலைக்குச்", "மலைக்குத்" எல்லாம் தனித்தனி சொல்லா. அடுத்த சொல்லோட வல்லினம் மிகுந்து வந்தது. தமிழ்ச் சொல்லு க் ச் த் ப்-ல முடியாதுங்கறது இலக்கணம், அதனால கடைசில இது வந்தா தைரியமா வெட்டலாம்னுதான் நெனைச்சேன். பேச்சு உரைல "டீ ஷாப்"பு "டீ ஷா" ஆயிடுச்சு, பார்க் பார் ஆயிடுச்சு. அடுத்த சொல்லு அதே வல்லினத்துல ஆரம்பிச்சா மட்டும் வெட்டுங்க, அப்பவும் கடன் சொல்லுக்கு ஒரு விலக்குப் பட்டியல் வச்சுக்கங்க.

அகராதில கெடைக்குது, ஆனா பொருள் பொருந்தல

இது சத்தம் போடாம வர்ற கோளாறு, "கெடைச்சுது"ன்னு பச்சை டிக் காட்டிட்டு போயிடும். கவாத்து-ன்னு பொதுவாத் தேடினா படை வரிசையா நடக்கற பயிற்சி, உருது வழியா வந்த சொல்லு. எங்க ஊர்ல எந்த வீட்டுல கேட்டாலும் கவாத்துன்னா தேயிலைச் செடிய வெட்டி விடறது. ரெண்டையும் ஒரே வரில போட்டா ஆராய்ச்சியே தப்பாயிடும். இந்த மாதிரி சொல்லுக்கு மூணாவது நெடுவரிசைதான் காப்பாத்தும், வாக்கியத்தைப் பாத்து கவாத்து ஒண்ணு, கவாத்து ரெண்டுன்னு எண் போட்டுப் பிரிங்க, லெக்சிகன்காரங்க பண்ண அதே வேலைதான்.

இன்னொரு வகை, சொல்லு தமிழே இல்லாம இருக்கும். படுகர் ஊரை ஹட்டின்னு சொல்வாங்க, தமிழ்ல பேசறப்போ பல பேர் வாய்ல அது அட்டி. கம்ப்யூட்டர் போய் அட்டின்னா தடை, தாமதம்னு எடுத்து வந்து வைக்கும். நீலகிரில ஒரே டீக்கடைல தமிழ், படுகு, கன்னடம், மலையாளம் எல்லாம் கலந்து ஓடும், அதனால ஒவ்வொரு சொல்லுக்கும் மொழி அடையாளம் போட்டே ஆகணும், போடாம ஒப்பிடாதீங்க. படுகுச் சொல்லுக்கு பால் ஹாக்கிங்ஸும் கிறிஸ்டியான் பிலோ-ரைஷூரும் சேந்து பண்ண அகராதி 1992ல வந்திருக்கு, அதைப் பாருங்க. இன மொழிகளோட ஒப்பிட பர்ரோவும் எமனோவும் போட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி, 1961ல மொதப் பதிப்பு, 1984ல ரெண்டாவது. எமனோ 1930கள்ல இந்த மலைக்கே வந்து தோடர், கோத்தர்கிட்ட உக்காந்து கேட்டு எழுதினவர், அதனால அதுல தோடா, கோத்தா சொல்லுங்க இவ்வளவு இருக்கு. ஆனா அது ரோமன் எழுத்துல, மேலயும் கீழயும் புள்ளியும் கோடும் போட்டு இருக்கும், நீங்க புள்ளி இல்லாமத் தேடினா கெடைக்காமப் போகலாம். தோடா ஒலிய நம்ம எழுத்துல அடைக்க முயற்சி பண்ணாதீங்க, ஒலிக்குறிலயே வைங்க.

ஒரு சொல்லு சம்பந்தமே இல்லாம மேல வந்து நிக்குது

என் பட்டியல்ல கரடி, கங்காணிக்கு மேல நின்னுச்சு. தேடிப் பாத்தா ஒரே அக்கா, ஒரே பதிவு, அவங்க சமையக்கட்டுல கரடி பூந்த கதைய முழுசா சொல்லியிருக்காங்க. எத்தனை தடவ வந்துதுன்னு மட்டும் எண்ணாம எத்தனை பேர் சொன்னாங்கன்னும் பக்கத்துலயே எண்ணுங்க.

பாதிக்குப் பாதி சொல்லு ஒரே தடவதான் வந்திருக்கு

இது கோளாறே இல்ல, எந்த மொழில எந்த உரைய எண்ணினாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். கோளாறு எப்ப வரும்னா, பட்டியல் நீளமா இருக்குன்னு ஒரு தடவ வந்தத எல்லாம் அழிக்கும்போது. நெறைய வழிகாட்டிகள்ல அப்படித்தான் சொல்லிக் குடுக்கறாங்க, மூணு தடவைக்குக் கீழ உள்ளத தூக்கிடுங்கன்னு. செய்தித்தாள் உரைக்கு அது சரியா இருக்கலாம். நம்ம வேலைக்கு தயவு செஞ்சு பண்ணாதீங்க, தட்டச்சுப் பிழையும் அங்கதான் இருக்கும், நாம தேடி வந்ததும் அங்கதான் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் பதிவை திரும்பப் போட்டுக் கேளுங்க.

என்கிட்ட "மட்ட"ன்னு ஒண்ணு, "கம்பு"ன்னு ஒண்ணு அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. மட்ட-வ மோசம்ங்கற மட்டம்னு எடுத்து, கம்ப தானியம்னு எடுத்து ப்ரோக்ராம் ரெண்டுக்கும் பச்சை டிக் போட்டிருந்துச்சு. பதிவைக் கேட்டா அதைச் சொன்ன அக்கா நடுவுல மூச்சு கூட விடாம ஒரே சொல்லா சொல்றாங்க, டைப் அடிக்கும்போது நான் இடைவெளி விட்டிருக்கேன். மறுநாள் பேப்பரோட போய் கேட்டேன். "செடி மேல வச்சுப் பாப்போம் தம்பி, கம்புக்கு மேல நிக்கற கொழுந்த மட்டும் பறிக்கணும், கீழ கை வச்சா கங்காணி ஏசுவாரு"ன்னு சொல்லிட்டு, செவுத்துல சாத்தி வச்சிருந்த நீளக் குச்சிய எடுத்துக் காட்டினாங்க. இப்போ அது மட்டக்கம்பு-ன்னு ஒரே வரில இருக்கு, மூணாவது நெடுவரிசைல அவங்க சொன்னது அப்படியே.